மழையும் எல்லைக் கோடும்



இன்று இரண்டு செய்திகளைப் பற்றிப் பேசவிருக்கிறோம். ஒன்று மழை, மற்றொன்று எல்லை. இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். இரண்டும் ஒரே மாலைப் பொழுதில், ஒரே காற்பந்துத் திடலில் வந்து நின்றதை நாம் கண்டிருக்கிறோம். அந்தக் கதையைச் சொன்னால் தொடர்பு தானே விளங்கும்.

நாம் பணிபுரியும் பள்ளி, பெர்னாம் ஆற்றை அடுத்த ஒரு தோட்டத்தில் இருக்கிறது. ஆற்றுக்கு வடகரை பேராக் மாநிலம். தென்கரை சிலாங்கூர் மாநிலம். எங்கள் தோட்டம் வடகரையில். தென்கரையிலும் ஒரு தோட்டம் உண்டு. பாலம் கடந்தால் மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். இங்கே பெண் கொடுத்தவர்கள் அங்கே. அங்கே பெண் எடுத்தவர்கள் இங்கே. ஆண்டுதோறும் இரு தோட்டத்து இளைஞர்களும் ஒரு சுழற்கிண்ணத்துக்காகக் காற்பந்து ஆடுவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நடந்த அந்த ஆட்டத்துக்கு நாம்தான் நடுவர்.

மாலை நான்கரை மணிக்கு ஆட்டம் தொடங்க வேண்டும். கிழக்கே மலைத்தொடரின் மேல் கருமேகம் திரண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் ஒரு வழக்கு கிளம்பியது. எங்கள் குழுவில் ஆட வந்த பதினேழு வயதுப் பையன் ஒருவன். அவன் தகப்பனாருக்கு எங்கள் தோட்டத்தில் வேலை. பையன் படித்ததும் பந்து பழகியதும் இந்தப் பக்கம். ஆனால், தென்கரையில் தனியாக இருக்கும் பாட்டிக்குத் துணையாக இரவில் அங்கே போய்த் தங்குவான்.

"ராத்திரி படுக்கிறது எங்க லயத்துல. சோறு திங்கிறது எங்க லயத்துல. அப்புறம் எப்படிங்க அவன் பேராக்குப் பையன் ஆவான்?" என்று கேட்டார் தென்கரைக் குழுவின் செயலாளர். அவர் பையனுக்குத் தாய்மாமன்.

"பந்து உதைக்கக் கத்துக்கிட்டது இந்தத் திடல்ல. அப்பன் பேரு இந்தத் தோட்டத்துப் பதிவுல இருக்கு. நேத்து வரைக்கும் கேட்காம இன்னைக்கு என்ன புதுச் சட்டம்?" என்றார் எங்கள் குழுவின் பொறுப்பாளர். அவர் பையனின் பெரியப்பா.

பேச்சு முற்றியது. பையன் தலை குனிந்து நின்றான். முக்கால் மணி நேரம் இப்படியே போயிற்று. அதற்குள் மேகம் திடலின் மேல் வந்துவிட்டது.

நேயர்களே, இந்த இடத்தில் கதையைச் சற்று நிறுத்தி, முதலில் மழையைப் பார்ப்போம்.

நம் நாட்டின் மேற்குக் கரைப் பகுதிகளில் மழை பெரும்பாலும் பிற்பகலில் ஏன் பெய்கிறது? காலையிலிருந்து வெயில் நிலத்தைச் சூடாக்குகிறது. சூடான நிலத்தை ஒட்டிய காற்று மேலெழுகிறது. மலாக்கா நீரிணையிலிருந்து ஈரமான கடற்காற்று உள்ளே வருகிறது. அது தித்திவாங்சா மலைத்தொடரில் முட்டி இன்னும் மேலே ஏறுகிறது. மேலே போகப் போகக் குளிர்கிறது. குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் சிறு துளிகளாகி மேகமாகத் திரள்கிறது. அப்படித் திரளும் இடிமேகம் பத்துக் கிலோமீட்டருக்கு மேலும் உயர்ந்து நிற்கக்கூடும். தன் பாரத்தைத் தாங்க முடியாதபோது அது கொட்டித் தீர்க்கிறது.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இது மிகுதி. வடகிழக்குப் பருவக் காற்றும் தென்மேற்குப் பருவக் காற்றும் மாறும் காலம் அது. பெருங்காற்று இல்லாததால் மேகம் அந்தந்த இடத்திலேயே வளர்ந்து, அந்தந்த இடத்திலேயே பொழிகிறது.

மழைக்குச் சற்று முன் திடீரென்று சில்லென்ற காற்று அடிப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கொடியில் காயும் துணியை எடுக்கத் தாய்மார்கள் ஓடுவது அப்போதுதான். மேகத்திலிருந்து விழும் மழை தன்னைச் சுற்றியுள்ள காற்றைக் குளிரச் செய்து கீழே தள்ளுகிறது. அந்தக் காற்று தரையில் மோதிப் பக்கவாட்டில் பரவி, மழைக்கு முன்னால் நம்மிடம் வந்து சேர்கிறது. ஆகவே அந்தக் குளிர்காற்று வெறும் அறிகுறி அன்று. மழை அனுப்பிய ஆளே அதுதான்.

மழையைவிட அஞ்ச வேண்டியது மின்னல். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறத்தாழ 3 விநாடி ஆகும். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 விநாடி என்றால் மின்னல் 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று பொருள். தொலைவுதானே என்று இருந்துவிடக் கூடாது. அடுத்த மின்னல் நம் தலைக்கு மேலேயே விழலாம். 30 விநாடிக்குள் இடி கேட்டால் திடலை விட்டு வெளியேற வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும் வரை திரும்பக் கூடாது.

எங்கே ஒதுங்குவது? மரத்தடி கூடாது. கோல் கம்பத்தின் அருகில் நிற்கக் கூடாது. நான்கு பக்கமும் திறந்த தகரக் கொட்டகையும் பாதுகாப்பன்று. சுவரும் கூரையும் உள்ள கட்டடம் நல்லது. கண்ணாடி ஏற்றிய காரும் வேனும் நல்லது. பிள்ளைகளுக்கு இதை இன்றே சொல்லிக் கொடுங்கள்.

இனி, திடலில் விழும் நீரைக் கணக்கிடுவோம். வானிலை அறிக்கையில் "50 மில்லிமீட்டர் மழை" என்கிறார்கள். ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர் நீர். பெரிய ஆட்டங்கள் நடக்கும் காற்பந்துத் திடல் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். அதாவது 7,140 சதுர மீட்டர். அதில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 3,57,000 லிட்டர். 200 லிட்டர் பிடிக்கும் எண்ணெய்த் தோம்புகளில் நிரப்பினால் 1,785 தோம்பு வேண்டும். நல்ல இடிமழை ஒரு மணி நேரத்தில் இதைக் கொட்டிவிடும்.

இவ்வளவு நீரும் போக வழி வேண்டும். ஆயிரம் கால்கள் மிதித்து இறுகிய களிமண் நீரைக் குடிக்காது. ஆகவே திடலின் நடுப்பகுதியைச் சற்று மேடாக வைத்து, ஓரங்களில் கால்வாய் வெட்டி, அதை அடைபடாமல் காக்க வேண்டும். நம் தோட்டத் திடல்களில் பெரும்பாலும் கால்வாய் இருக்கும். அதில் மண்ணும் பிளாஸ்டிக் பையும் நிறைந்திருக்கும். ஆட்டத்துக்கு முதல் நாள் பத்துப் பேர் மண்வெட்டியோடு இறங்கினால் பாதி வெள்ளம் குறைந்துவிடும்.

ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? காற்பந்துச் சட்டப்படி நடுவருக்கு. அவர் நிறுத்தி வைக்கலாம். முற்றிலும் கைவிடவும் செய்யலாம். கைவிடப்பட்ட ஆட்டத்தை மறுபடி ஆட வேண்டும். போட்டி நடத்துவோர் தம் விதியில் வேறுவிதமாக எழுதி வைத்திருந்தால் மட்டும் அதன்படி நடக்கும். "எழுதி வைத்திருந்தால்" என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது நமக்கு வேண்டும்.

தோட்டத் திடலில் மட்டும்தான் இந்தத் தொல்லை என்று எண்ண வேண்டாம். உலகக் கிண்ணப் போட்டியிலேயே இது நடந்தது. 1974 ஜூலை 3-ஆம் நாள், மேற்கு ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரில் மேற்கு ஜெர்மனியும் போலந்தும் மோதின. வெல்பவர் இறுதி ஆட்டத்துக்குப் போவார். சமநிலை என்றால் மேற்கு ஜெர்மனி போகும். ஆட்டத்துக்கு முன் பேய்மழை கொட்டித் திடல் குளமாயிற்று. தீயணைப்புப் படையினர் வந்து நீரை இறைத்தார்கள். ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. ஆனால், பந்து உருளவில்லை. உதைத்த இடத்திலேயே நீரில் நின்றது. வேகமாக ஓடி ஆடும் போலந்துக் குழுவினருக்கு அது பெரும் இடையூறு. கெர்ட் முல்லர் அடித்த ஒரே கோலில் மேற்கு ஜெர்மனி வென்றது. நான்கு நாள் கழித்து உலகக் கிண்ணத்தையும் வென்றது. நல்ல திடலாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று போலந்து மக்கள் பல ஆண்டுகள் பேசினார்கள்.

அந்த இரு நாட்டாருக்கும் இடையில் மழையைவிடப் பெரிய வழக்கு ஒன்று இருந்தது. அது எல்லை வழக்கு. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-ஆம் ஆண்டில், ஓடர், நைசே என்னும் இரண்டு ஆறுகளைப் போலந்தின் மேற்கு எல்லையாக வைத்தார்கள். ஆற்றுக்குக் கிழக்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பல இலட்சம் ஜெர்மானியர் வீடு வாசலை விட்டு மேற்கே போக நேர்ந்தது. மேற்கு ஜெர்மனி அந்தக் கோட்டை மதிப்பதாக 1970-இல்தான் போலந்தோடு ஒப்பந்தம் செய்தது. இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு, 1990-இல் அது மீண்டும் உறுதி செய்யப்பட்டது. ஒரு கோட்டைப் பற்றிய பேச்சு நாற்பத்தைந்து ஆண்டுகள் நீடித்தது. ஆனால், பேசியே முடித்தார்கள்.

இனி நம் நாட்டு எல்லைகளுக்கு வருவோம். பேராக், பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மாநிலங்களின் பெயரில் ஆறுகளும் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தக் காலத்தில் ஆறுதான் சாலை. ஆற்றின் முகத்துவாரத்தைக் காப்பவர், ஏறி இறங்கும் படகுகளில் வரி வாங்கி நாட்டை ஆண்டார். ஆறு ஓர் அரசின் நடுவே ஓடியது; எல்லையோ எங்கோ ஆள் புகாத காட்டில் இருந்தது. அதைத் துல்லியமாக அளக்க வேண்டிய தேவை பெரிதாக எழவில்லை.

வணிகமும் ஈயச் சுரங்கமும் தோட்டமும் பெருகியபோது நிலைமை மாறியது. எந்த ஏக்கருக்கு எந்த அரசில் வரி கட்டுவது என்ற கேள்வி வந்தது. எளிதில் காட்டக்கூடிய கோடாக ஆறுகளையே பல இடங்களில் எல்லையாக வைத்தார்கள். பெர்னாம் ஆறு பேராக்குக்கும் சிலாங்கூருக்கும் எல்லை என்பது 1825-இல் ஆங்கிலக் கம்பெனியார் முன்னின்று செய்த உடன்படிக்கையில் கண்டது. பகாங்குக்கும் ஜொகூருக்கும் இடையே எழுந்த வழக்கில், 1868-இல் ஆளுநர் ஆர்ட் என்பவர் எண்டாவ் ஆற்றை எல்லையாகத் தீர்ப்பளித்தார். அந்நாள் வரை மக்களைச் சேர்த்து வைத்த ஆறு, அன்று முதல் பிரிக்கும் கோடும் ஆயிற்று.

எல்லை மாறவும் செய்யும். சிலாங்கூரின் தலைநகராக இருந்த கோலாலம்பூர், 1974 பிப்ரவரி 1-ஆம் நாள் கூட்டரசுப் பிரதேசம் ஆயிற்று. அங்கே குடியிருந்தவர் எவரும் வீடு மாறவில்லை. ஆனால், முதல் நாள் இரவு சிலாங்கூரில் படுத்தவர் மறுநாள் கூட்டரசுப் பிரதேசத்தில் விழித்தார். காற்பந்திலும் இது தெரிந்தது. கோலாலம்பூர் தனிக் குழுவாகி 1987, 1988, 1989 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மலேசியக் கிண்ணத்தை வென்றது.

அந்தக் கிண்ணமே எல்லையால் வளர்ந்ததுதான். 1921-இல் 'மலாயா' என்னும் போர்க்கப்பலின் பணியாளர்கள் கொடுத்த கிண்ணத்துக்காக மாநிலங்கள் ஒன்றோடொன்று ஆடத் தொடங்கின. எல்லை இல்லாவிட்டால் "நம்ம மாநிலம்" என்று தொண்டை வறளக் கத்துவதற்கு இடமில்லை. ஆகவே எல்லை தீயது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆட்டத்துக்கு அது வேண்டும். ஆனால், எந்த ஆட்டத்துக்கு எந்த எல்லை என்று தெரிய வேண்டும். 1980-இல் மெர்டேக்கா அரங்கில் மலேசியா தென்கொரியாவை 2–1 என வென்று ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்றதே, அன்று கோல் காத்தவர் சிலாங்கூரின் ஆறுமுகம். வெற்றிக் கோலை அடித்தவர் சபாவின் ஜேம்ஸ் வோங். அந்த இரவில் அரங்கில் எவரும் மாநிலம் கேட்கவில்லை.

ஆட்டத்துக்கு எல்லை உண்டு. மழைக்கு ஏது எல்லை? வடக்கே மூடா ஆற்றைப் பாருங்கள். அது கெடா மாநிலக் காடுகளில் பிறந்து, கடலை நெருங்கும் இடத்தில் கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடுகிறது. பினாங்கு தனக்கு வேண்டிய நீரில் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டை அந்த ஆற்றிலிருந்து எடுக்கிறது. "மழை பிடிக்கும் காட்டைக் காப்பது நாங்கள், அங்கே மரம் வெட்டாமல் வருமானம் இழப்பதும் நாங்கள், ஈடு கொடுங்கள்" என்பது கெடாவின் வாதம். "ஆற்றின் தென்கரை எங்களுடையது, எங்கள் கரையிலிருந்து எடுக்கும் நீருக்கு ஏன் பணம்?" என்பது பினாங்கின் வாதம். இருபக்கமும் பல ஆண்டுகளாகப் பேசப்படும் வழக்கு இது. எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. ஒன்று மட்டும் நமக்கு விளங்குகிறது. மேலே காடு அழிந்தால், கீழே குழாயில் நீர் குறையும். வெள்ளக் காலத்தில் இரு கரையும் சேர்ந்தே மூழ்கும். நீர் எந்த மாநிலத்து அடையாளக் கார்டையும் பார்ப்பதில்லை.

இப்போது நம் திடலுக்குத் திரும்புவோம்.

முக்கால் மணி நேரம் வழக்கிலே போனபின், "மழை வருதுங்க வாத்தியாரையா, யாராவது ஆடட்டும், ஊதுங்க" என்று இருபக்கமும் சொன்னார்கள். நாமும் ஊதினோம். இன்றுவரை நமக்கு வருத்தம் தரும் செயல் அதுதான். பன்னிரண்டு நிமிடம் ஆடியிருப்பார்கள். மின்னியது, எண்ணினோம். எட்டு எண்ணுவதற்குள் இடித்தது. மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. ஆட்டத்தை நிறுத்தினோம். "இன்னும் பத்து நிமிஷம், பாதி ஆட்டம் முடிஞ்சிடும்" என்று கெஞ்சினார்கள். மறுத்துவிட்டோம். அனைவரையும் பள்ளிக் கட்டடத்துக்குள் ஓடச் சொன்னோம். சிறிது நேரத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்ற பனை ஒன்றில் மின்னல் விழுந்தது. அந்த ஓசையில் எங்கள் நெஞ்சு நின்றுவிட்டது போலிருந்தது. நல்ல வேளையாகத் திடலில் ஒருவரும் இல்லை.

பள்ளி வகுப்பறையில் இரு தோட்டத்தாரும் நனைந்த சட்டையோடு நெருங்கி நின்றோம். யாருக்கும் பேச்சு வரவில்லை. கடைசியில் அந்தத் தாய்மாமன் தம் துண்டை எடுத்துப் பையனின் தலையைத் துவட்டினார். "பந்து எங்கே வேணும்னாலும் உதைடா. நல்லபடியா இரு" என்றார். பெரியப்பா அவர் பக்கம் திரும்பி, "அடுத்த வருஷம் முன்னாடியே உட்கார்ந்து பேசிடுவோம், மச்சான்" என்றார்.

அப்படியே பேசினார்கள். இப்போது ஒரு பதிவுப் புத்தகம் இருக்கிறது. ஆட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே ஒவ்வோர் இளைஞனும் தான் எந்தத் தோட்டத்துக்கு ஆடுவான் என்று தானே எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுதியபின் அந்த ஆண்டு மாற்றக் கூடாது. மழை பெய்தால் மறு ஞாயிறு ஆட்டம். மின்னலுக்கு நடுவர் சொல்லே முடிவு. இவ்வளவுதான் விதி, அரைப் பக்கம்கூட வராது.

நேயர்களே, அன்று நாம் கற்றது இது. எல்லை என்பது மனிதர் போட்ட கோடு. அதைப் பேசலாம், எழுதலாம், வேண்டுமானால் மாற்றலாம். மழையும் மின்னலும் மனிதர் போட்டவை அல்ல. அவற்றோடு பேரம் பேச முடியாது. நாமோ தலைகீழாக நடந்தோம். பேசித் தீர்க்கக்கூடிய கோட்டில் பிடிவாதமாக நின்றோம். பேச முடியாத மின்னலிடம் "இன்னும் பத்து நிமிடம்" கேட்டோம். அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுத்திருந்தால் இரு தோட்டத்திலும் எத்தனை வீட்டில் அழுகை எழுந்திருக்குமோ!

உங்கள் தோட்டத்திலும் திடல் இருக்கும்; வழக்கும் இருக்கும். வழக்கை வெயில் நாளில் பேசி முடியுங்கள். கால்வாயை வெயில் நாளில் வெட்டி வையுங்கள். இடி கேட்டால் மட்டும் யோசிக்காமல் ஓடுங்கள்.

வணக்கம்.